கீழ்த்தொட்டி

காரைக்குடி செக்காலை ரோட்டில்
மருந்துக்கடை மாடியில் என் பல் கிளினிக்.
காத்திருக்கும் அறையில்
இரண்டரை அடிக் கண்ணாடித் தொட்டி.
உள்ளே தொண்டிக் கடல்:
ஆறு கேன், ஒரு குட்டியானை வண்டி,
தேவகோட்டை தாண்டும்வரை தளும்பி
டிரைவர் சட்டையில் உப்புக் கோடு.
இரண்டு கோமாளி மீன், ஒரு இறால்,
பேர் வைக்காத நத்தைகள்.

நாளெல்லாம் துளைக்கிறவள் நான்.
நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றில்
எனாமல் பொடியாகி நீரோடு போவதைப் பார்க்கிறவள்.
இந்தக் கண்ணாடியில் மட்டும் கை வைக்க முடியாது.
"சூடு காட்டி இறுக்கினது டாக்டர்,
முனை பட்டா அரிசி மாதிரி கொட்டிப்போகும்"
என்றார் பிளம்பர் சவரிராஜ்.
போன மாதம்தான் அவருக்குக்
கீழ்க் கடைவாயில் வேர் சிகிச்சை.
பாதிப் பணம் பாக்கி;
அதைத்தான் குழாயாகக் கழிக்கிறோம்.

துளையில்லாத தொட்டியிலிருந்து
நீர் விளிம்பேறித்தான் வெளியே வரவேண்டும்.
உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி,
நடுவே கவிழ்த்துப் போட்ட ப போல ஒரு குழாய்.
உள்பெட்டியின் விளிம்பில்
சீப்பு வெட்டு, பல் பல்லாக.
எண்ணினார்: இருபத்தெட்டு.
"ஞானப்பல் முளைக்கலை" என்றேன்.
சிரித்தார், இடப்பக்கமாக மட்டும்.

வளைவிலிருந்து நீட்டிய சிறு குழாயை
வாயில் வைத்து உறிஞ்சினேன்.
நாக்கில் தொண்டி.
பன்னிரண்டு வருஷமாக நான் சொல்வதை
அவர் எனக்குச் சொன்னார்:
"துப்புங்க."

நீர் வளைவேறி, ஒரு கணம் யோசித்து,
அலமாரிக்குள் கீழ்த்தொட்டியில் விழுந்தது.
மோட்டார் அதைத் திரும்ப மேலே தூக்கியது.
"இப்ப கரண்ட்டை நிறுத்துங்க."
மெயினைத் தட்டினேன்.
மோட்டார் நின்ற பிறகும் மேலே இறங்கிக்கொண்டே,
கீழே ஏறிக்கொண்டே.
சவரிராஜ் மண்டியிட்டு விரல்களால் அளந்தார்:
நாலு, மூணு.
சீப்பின் பல்லடியில் மேல்நீர் நின்றது.
திரும்பும் குழாயில் நான் போட்ட ஊசித்துளை
(அது ஒன்றுதான் எனக்குத் துளைக்கக் கிடைத்தது)
கொர்ரென்று காற்றை இழுத்து
மிச்சத்தையும் நிறுத்தியது.
விளிம்புக்கு ரெண்டு விரல்.
கரண்ட் வந்து நீர் அடங்கிய இடத்தில்
பச்சைக் கோடு போட்டு எழுதினார்:
இதுக்கு மேல் ஊத்தாதே.
அந்த ஒருமை எனக்கா, தண்ணீருக்கா,
கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளம் மின்வெட்டால் வரவில்லை.
மூன்றாவது ஞாயிறு, கிளினிக் பூட்டு.
வளைவின் உச்சியில் கடுகு கடுகாகச் சேர்ந்த காற்று
நெல்லிக்காயாகிவிட்டது.
நீர் அதைத் தாண்டவில்லை.
மோட்டார் பாவம், தன் வேலையைச் செய்தது.
இறைத்தது. இறைத்தது.
ஜியாவுதீன் பாய் கீழேயிருந்து போன் போட்டார்:
"டாக்டரம்மா, உங்க கடல்
எங்க இருமல் டானிக் பெட்டி மேல சொட்டுது."

ஓரங்கட்டிய பழைய நாற்காலியின்
எச்சில் உறிஞ்சியைக் கழற்றி
வளைவின் உச்சியில் செருகினேன்.
நோயாளியின் நாக்கடியில் கேட்கும் அதே சத்தம்
இப்போது ராத்திரியும் பகலும்.

மேல்தொட்டியில் நீர் குறைவதே இல்லை.
கானாடுகாத்தானிலிருந்து பல் செட்டுக்கு வரும் ஒருவர்
ஒவ்வொரு முறையும் கேட்கிறார்,
"இதுக்குத் தண்ணியே ஊத்த மாட்டீங்களா?"
சித்திரையில் நாளுக்கு ஒரு சொம்பு ஆவியாகிறது.
மேலே ஒரு நூல்கூட இறங்காது.
குறைவதெல்லாம் கீழே,
கதவுக்குப் பின்னால், மோட்டார் இருக்கும் அறையில்.

கடைசி ஆள் போனதும் கையுறை கழற்றி,
மண்டியிட்டு, கதவைத் திறந்து
ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன்.
உப்பு போடுவதில்லை.
போனது தண்ணீர் மட்டும்தான்.
பச்சைக் கோடு வந்ததும் நிறுத்துகிறேன்.

எழுநூறு ரூபாய் இன்னும் பாக்கி இருக்கிறது.
சவரிராஜ் எனக்கா, நான் அவருக்கா
என்பது இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.