ஒன்பது பெட்டிகள்

தைசெங்கில் இரவு ஒன்று பத்து.
மூன்றாம் மாடி, குளிர் வரிசை.
கைப்பேசிகளைக் காவலரிடம் கொடுத்துவிட்டு
கம்பளிச் சட்டையோடு நிற்கிறோம்
நானும் ஹிதாயாவும்.
தனியாக யாரும் தொடக்கூடாதாம் இந்த செர்வரை.

பலதுறை மருந்தகத்தின் கடிதங்களை அச்சிடுவது இதன் வேலை.
நிறுவியவர்கள் சிக்கனக்காரர்கள்:
சுட்டி இல்லை, சன்னல் இல்லை,
கறுப்புத் திரையில் மினுக்கும் ஒரு கோடு.
மற்றதெல்லாம் விருப்பத் தேர்வு.
கேட்டால் வரும்.

கேட்டது பவளக்கொடி.
ஈசூன்காரர், பன்னிரண்டாம் மாடி.
கண் பரிசோதனைக்கு வரச்சொல்லிப் போன தாளில்
அவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்பது வெற்றுப் பெட்டிகள்.
நீலப் பேனாவால் ஒன்பதிலும் சரி போட்டு
கையெழுத்தும் வைத்துத்
திருப்பி அனுப்பிவிட்டார்.

எண்ணிப் பார்த்தேன்.
ஆறெழுத்துப் பெயர்தான்.
க்-இன் புள்ளிக்குத் தனிப் பெட்டி,
டி-யின் கொக்கிக்குத் தனி,
கொ-வைப் பிரித்து இரண்டு.
எழுத்து தெரியாத இயந்திரம்
கணக்கில் ஒன்றையும் விடவில்லை.

அனுமதிக்கு நான்கு வாரம்.
'காரணம்?' என்ற கட்டத்தில்
அந்தத் தாளையே இணைத்தேன்.
'செய்யாவிட்டால் என்ன இழப்பு?'
'ஒருவர்' என்று எழுதினேன்.
அழித்துவிட்டு
'தபால் செலவு' என்று எழுதினேன்.
மறுநாளே கையெழுத்தானது.

வெளி இணைப்பில்லாத இயந்திரம்;
வட்டை நானே கொண்டுவந்திருக்கிறேன்.
முதல் முறை: மூலக் கோப்பு கிடைக்கவில்லை.
பாதையில் ஒரு சாய்கோட்டை விட்டிருக்கிறேன்.
இரண்டாம் முறை
அறுபத்தெட்டு விழுக்காட்டில் நின்றது,
நின்றுகொண்டே இருந்தது.
கீழே காவலர் மேசையில்
என் கோப்பி ஓ ஆறிப்போயிருக்கும்.
விரல்களைக் கக்கத்தில் செருகிக்கொண்டு
"இது முதலிலேயே உள்ளே இருக்காதா?" என்றாள் ஹிதாயா.
விசிறிகளின் இரைச்சல் வசதியாக இருந்தது,
கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நூறு. மறுதொடக்கம்.
நாலு நிமிடத்துக்கு
மருந்தகத்திலிருந்து யாருக்கும் கடிதமில்லை.

கீழ்த்தளத்து அச்சுப்பொறி
சூடாக ஒரு தாளைத் தள்ளியது.
பவளக்கொடி.
புள்ளி தன் க-வின் தலையில்,
கொம்பு முன்னால், கால் பின்னால்.
வாசிக்கத் தெரியாத ஹிதாயா
நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்:
"எட்டு."
ஆறு என்றேன். நம்பவில்லை.

படிவத்தில் கடைசிக் கட்டம் மீதி:
'பயனாளர் சரிபார்த்தாரா?'
மணி மூன்று.
ஈசூனில் தூங்கிக்கொண்டிருப்பார்.
அதில் மட்டும் சரி போடாமல்
மூடிவைத்தேன்.