மாஃபி

சொஹார் சனையாவில்
லாரி உதிரிபாகக் கடையின் கவுண்டருக்குப் பின்னால்
நாளுக்கு நூறு தடவையாவது அதைச் சொல்வேன்.
ஹினோ கிளட்ச் பிளேட்?
மாஃபி.
இஸூசு ஏர் ஃபில்டர்?
மாஃபி.
நாளைக்காவது வருமா என்று நிற்பவர்களுக்கு
இரண்டு கையையும் விரித்துக் கொஞ்சம் இழுத்து
மா...ஃபி.

விமானம் இறங்கிய வாரமே நாக்கில் ஒட்டிய அரபி.
ஃபீ என்றால் இருக்கிறது,
முன்னால் ஒரு மா போட்டால் இல்லை.
பள்ளிக்கூடத்தில் எஃகு, அஃது தவிர
வேறு வேலையின்றிக் கிடந்த ஆய்த எழுத்துக்கு
இங்கே தினம் பன்னிரண்டு மணிநேர டூட்டி,
வெள்ளிக்கிழமை மட்டும் அரை நாள்.

ஜர்வலி வந்தது ஜூலையில்.
வாதி ஜிஸ்ஸி ஏற்றத்தில் வாட்டர் பம்ப் போய்
புரைமிக்குப் போகவேண்டிய சிமெண்டோடு
ஆறு மணிநேரம் வெயிலில் நின்றிருக்கிறான்.
பம்பைக் கவுண்டரில் எறிந்தான்.
கண்ணாடியில் அந்த விரிசல் இன்னும் இருக்கிறது,
மேலே காலண்டர் தாள் ஒட்டியிருக்கிறேன்.
பழசுக்குப் பெயிண்ட் அடித்து
பதினெட்டு ரியாலுக்குத் தள்ளிவிட்டேனாம்.
பிறகு
"சோர்" என்றான்.

அரை நொடி,
பசிக்கிற மத்தியானம்,
என் காதில் அது சோறாகத்தான் விழுந்தது.
சாப்பிட்டாயா என்கிறானோ என்று
இல்லையெனத் தலையாட்டப் போனேன்.
அவன் கண்ணைப் பார்த்த பிறகுதான்
சொல் புரண்டு படுத்துத்
திருடன் ஆனது.

அந்த அரை நொடிக்கு
அவன்மேல் எனக்குப் பிரியம் இருந்தது.

எங்கள் கணக்காளர் ஹைதராபாத்காரர், ஆசிஃப்.
அரபியில் அந்தச் சத்தத்துக்கு 'வருந்துகிறேன்' என்று பொருள்.
ஒமானி முதலாளி அவரை உரக்கக் கூப்பிடும்போதெல்லாம்
எதற்கோ மன்னிப்புக் கேட்பதுபோலிருக்கும்.
அந்த ஆசிஃப்தான் பில் புத்தகம் மூன்றைப் புரட்டி
பம்ப் நாங்கள் விற்றதல்ல,
எதிர்ச்சாரிக் கடைச் சரக்கு என்று கண்டுபிடித்தார்.
அதற்குள் லாரி ரவுண்டானா தாண்டிவிட்டது.

செப்டம்பர். கூட்டம் முட்டிய ஒரு வியாழன் மாலை.
பெல்ட்டுக்கும் பல்புக்கும் கிரீஸுக்கும்
ஐந்தாறு கைகள் நீண்டிருக்க
நான் சரக்குப் பட்டியலில் குனிந்திருந்தேன்.
குரல் மட்டும் வந்தது.
"பாய், மாஃபி?"
நிமிராமலே சொன்னேன்:
மாஃபி.

நிமிர்ந்தபோது வாசலில் ஒரு முதுகு,
சாம்பல் நிறக் கமீஸ், தோளில் துண்டு.
காலண்டர் தாளின் மேல்
செய்தித்தாளில் மடித்த பாதாம் பொட்டலம்.

அவர்கள் உருதுவில் மாஃபி என்றால் மன்னிப்பு.
ஆசிஃப் இதைச் சொன்னபோது
பாதி இறங்கியிருந்தது ஷட்டர்.

ஆக, நான் என்ன சொன்னேன்?
உருதுவில் வாங்கிக்கொண்டிருந்தால்
கொடுத்தாகிவிட்டது.
அரபியில் வாங்கிக்கொண்டிருந்தால்
ஸ்டாக் இல்லை.
இவனும் எல்லோரையும் போல அரபியில்தானே
இத்தனை வருடம் என்னிடம் இல்லை வாங்கிப் போனான்?
பாதாமை என் பதிலுக்கு முன்னால் வைத்தானா
பின்னால் வைத்தானா
யாரும் கவனிக்கவில்லை.
கேமராவை ஓட்டிப் பார்த்தோம்,
அந்த மூலை மட்டும் மாஃபி.

அவன் கம்பெனி துக்முக்கு மாறிவிட்டதென்றார்கள்.
துக்ம் போகிற டிரைவர்கள் மூவரிடம்
சொல்லி அனுப்பினேன்.
என்ன சொல்லி அனுப்பினேன் என்றால்,
அதே சொல்லைத்தான்.
வேறு உருது எனக்கு வராது.

இப்போது அதைப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.
பெஷாவர் முகமாக இருந்தால்
கலாஸ் என்கிறேன், இல்லாவிட்டால்
காலி அலமாரியைத் திறந்தே காட்டிவிடுகிறேன்.

இரவு ரூமில்
ஈரத்தலையோடு நிற்கையில்
அடுப்படியிலிருந்து பூவராகன் கத்துகிறான்:
"மாப்பி, சோறு!"

அரை நொடி
ஜர்வலியின் காதால் கேட்டுவிடுகிறேன்.
பிறகு தட்டைத் தேடுகிறேன்.