முழு டேங்க் கணக்கு

பகலில் எபிநேசர் ஓட்டுவான், இரவில் நான்.
ஒரே வண்டி, ஒரே தவணை.
சீட்டை மட்டும் மாறி மாறி
முன்னும் பின்னும் தள்ளிக்கொள்வோம்,
அவனுக்குக் கால் நீளம்.

ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில்
ஆயிரத்து எண்ணூற்றைம்பது கொடுத்து வாங்கி வந்தான்.
பாதி என் பங்கு என்பதை
மாட்டிய பிறகுதான் சொன்னான்.
பெட்ரோல் குழாயைக் கவ்விக்கொள்ளும்
இரண்டு காந்தத் துண்டுகள்.
எரிபொருளின் மூலக்கூறுகளை
வரிசையில் நிற்க வைக்குமாம்.
சில்க் போர்டில் மனுசங்களையே
எவனாலும் நிக்க வைக்க முடியலையே, என்றேன்.
"நீ எதைத்தான் நம்பின?" என்றான்.

கே.ஜி.எஃப்.காரன்.
ஒரு டன் பாறையை உடைத்து
நாலு கிராம் தேடிய ஊர்.
லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்பது
அவனுக்குப் பேராசையாகத் தெரிந்திருக்காது.

இதற்கு முன்பு ஒரு நீல மருந்து.
டேங்குக்கு ஒரு மூடி.
வண்டி இருமியது, வாசனை வந்தது,
மைலேஜ் வரவில்லை.
மிச்சம் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில்
இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது.

இந்தத் தடவை நான் நோட்டுப் போட்டேன்.
ஷிஃப்ட் மாறும் ஹெப்பாள் பங்க்கில்
காலையும் மாலையும்
பம்பு தானாய் நிற்கும்வரை நிரப்பி,
ஓடிய தூரம், பிடித்த அளவு.
காந்தத்துக்கு முன்
அவன் பகல் பதினான்கு புள்ளி இரண்டு.
மூன்றாம் வாரம் பதினைந்து புள்ளி ஏழு!
நோட்டைப் பிடுங்கி வட்டம் போட்டான்,
பங்க் பையனிடம்கூடக் காட்டினான்.
என் இரவு மட்டும்
பதினாறிலேயே படுத்திருந்தது.
"காந்தம் ராத்திரியில தூங்குதா?"
"நீ நம்பாம ஓட்டற."

ஏர்போர்ட் வரிசையில் ஆள் வராத ஓர் இரவு,
மணி இரண்டரை,
பானெட்டைத் திறந்து கழற்றினேன்.
டேஷ்போர்டு டப்பாவில்
டோல் ரசீதுகளுக்கு அடியில் போட்டேன்.
அவனிடம் சொல்லவில்லை.

பதினைந்து புள்ளி ஆறு.
பதினைந்து புள்ளி எட்டு.
பதினைந்து புள்ளி ஏழு.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்தும் இறங்காமல்
பின் சீட்டில் சாய்ந்து அவனோடு போனேன்.
சிக்னலில் எண்பது நொடி என்றதும்
இன்ஜினை அணைத்தான்.
மேம்பால இறக்கத்தில்
கோலத்தை மிதித்துவிடாமல் தாண்டுகிறவன்போல்
ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தான்.
குறுக்கே பாய்ந்த பைக்காரனை
விரட்டிப்போய்த் திட்டுகிற எபிநேசர் இல்லை இவன்.
திங்கள்தோறும் டயருக்குக் காற்று வேறு.
கொடுத்த காசு வீணாகிவிடக் கூடாதே என்று
காந்தத்துக்கு ஒத்தாசையாக ஓட்டிக்கொண்டிருந்தான்.

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது.
சொன்னால் அந்தக் கால் மறுபடி கனத்துவிட்டால்?
தவணை இன்னும் பத்தொன்பது மாதம்.

நேற்று சில்லறை தேடி டப்பாவைத் துழாவினேன்.
காந்தம் இருந்தது.
நான் போட்டது வெறுமனே.
இப்போது வண்டி துடைக்கும் மஞ்சள் துணியில்
நன்றாகச் சுற்றி,
துணிக்கு மேல் ஒட்டிக்கொண்டு
ஒரு இரண்டு ரூபாய்.
எனக்குத் தெரிந்து
அது மிச்சம் பிடித்தது அவ்வளவுதான்.

இன்று மாலை நோட்டைக் கேட்டான்.
பதினைந்து புள்ளி ஒன்பது.
வட்டம் போட்டான்.
என்னை ஒரு தடவை பார்த்தான்.
"வேலை செய்யுது இல்ல?" என்றான்.
ஆமாம் என்று
சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன்.