எதிர்ப்பாரம்

தரை ஓடு அடுக்கிய ஒரு பலெட்
ஆயிரத்து நானூறு கிலோ.
அட்டை மழையில் நனைந்தால் இன்னும் கொஞ்சம்.
எவ்வளவென்று யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

ஒருகொடவத்தை ஸ்டோர்ஸில்
என் மேசைமேல் மூன்று விலைக்கூறுகள்.
தேத்தண்ணிக் கோப்பையால் அழுத்தி வைத்திருக்கிறேன்.
மின்விசிறி மூன்றையும்
ஒரே வேகத்தில் புரட்டப் பார்க்கிறது.

"எது மலிவு?" என்கிறார் கணநாதர் முதலாளி.
நான் அளவுநாடாவோடு முற்றத்தில் இறங்குகிறேன்.

வாசலிலிருந்து ட்ரெய்லர் நிற்கும் இடம்வரை
கொங்கிரீட் நான்கு விரல் சரிகிறது.
நடுவில் ஆடுகிற ஒரு மேன்ஹோல் மூடி.
களனி ஆறு உள்ளே வந்துபோன வருஷத்தின் கோடு
சுவரில் என் முழங்காலுக்கு நேரே.

லயனலின் வண்டித்தளம் என் நெஞ்சுக்கு வரும்,
துறைமுகத்து வண்டி மோவாய்க்கு.
பத்துப் பலெட் ஏறியதும்
வில்லுத்தகடு முனகி
இரண்டுமே ஒரு சாண் தாழ்ந்துவிடும்.
உயரம் என்று நான் எழுதிய எண்
மை காயுமுன் பொய்.

பற்றரியில் ஓடுவது சத்தம் போடாதாம்.
இருட்டில் உட்கார்ந்து மெழுகுதிரிக்குக் கணக்கெழுதிய
மாதங்கள் எனக்கு நினைவிருக்கின்றன.
டீசலா?
ஐந்து நாள் வரிசையில் லொறிக்குள் தூங்கிய லயனல்
சாவியை இன்னும் கழுத்தில்தான் மாட்டியிருக்கிறான்.
இரண்டில் எதை நம்புவதென்று
எந்த விலைக்கூறிலும் இல்லை.

வியாழக்கிழமை ரிஃப்கான்
இரண்டரைத் தொன் ஃபோர்க்லிஃப்டோடு வந்தான்,
ஜப்பானில் பழசு, இங்கே மஞ்சள் பூசிப் புதுசு.
கிட்டப் பக்கத்துப் பலெட்டுகளைச்
சோற்றுக் கரண்டி போல எடுத்து வைத்தது.
முதலாளி சிரித்தார்.

ட்ரெய்லரின் மறுபக்கம் மதில்.
அங்கே சுற்றிப் போக வழியில்லை,
இங்கிருந்தே எட்ட வேண்டும்.
இரும்பு நாக்குகளுக்கு நீட்டுறை மாட்டினான்.
பலெட் தூரத்தில் தொங்கியது.
பின்சில்லுகள்
மெல்ல,
மிக மரியாதையாக,
தரையை விட்டு எழும்பின.

"அப்பிடித்தான் மிஸ், பயப்பிடாதீங்க" என்றான்.
யாரும் கூப்பிடாமலே
நாட்டாமிமாரில் இரண்டு பேர் ஓடிவந்து
பின்பக்கத்தில் தொற்றி ஏறினார்கள்,
பஸ் மிதிபலகையில் தொங்கிப் பழகிய கால்கள்.
சில்லு தரையில் இறங்கியது.
பலெட் தன் இடத்தில் உட்கார்ந்தது.
எல்லோரும் கைதட்டினார்கள்.
ஏறிய இருவரும் தட்டினார்கள்.

இயந்திரத்தின் தகட்டைத் துடைத்து வாசித்தேன்.
இரண்டரைத் தொன் என்பது பெரிய எழுத்து.
சுமையின் நடு, நாக்கின் அடியிலிருந்து
அரை மீற்றருக்குள் இருந்தால் என்பது
எறும்பெழுத்து.

பின்னேரம் கேட்டின் அகலத்தை மறுபடி அளந்தேன்.
மூன்றரைத் தொன் நுழையும்,
இரண்டு பக்கமும் ஒவ்வொரு முழம் மிச்சம்.
மேன்ஹோலுக்கு மேல் இரும்புத் தகடு போடவேண்டும்.
ட்ரெய்லர் தாழ்வதற்கு ஒரு தீர்வும் தெரியவில்லை,
லயனல் கண்ணால் பார்த்து ஓட்டட்டும்.
பதினொரு லட்சம் கூட.

ஓட்டுப் பெட்டி நிறுக்கும் தராசைக் காட்டி
அந்த இருவரையும் ஏறி நிற்கச் சொன்னேன்.
சம்பளத்துக்கா என்று கேட்டான் செபமாலை.
சும்மா, என்றேன்.
பீரிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான்.

சிபாரிசுப் படிவத்தில்
'விலை கூடியதைத் தெரிவதற்கான காரணம்'
என்ற கட்டம் சின்னது.
அதற்குள் எழுதினேன்:

பீரிஸ், அறுபத்தெட்டு கிலோ.
செபமாலை, ஐம்பத்தொன்று.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டார்.
"இவங்கள் என்ன சரக்கா?" என்றார்.
நான் பேனையை
அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.