நூறு ஃபில்ஸ் வெயில்

பகல்தான் எனக்கு இரவு.
மங்காஃபில், மூன்றாம் மாடியில்,
மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு
அலுமினியத் தாள் ஒட்டி நானே செய்த இரவு.
மாலின் நிலவறையில்
நான்கு சில்லர்களோடு மல்லுக்கட்டி
விடியும்வரை ஊருக்குக் குளிர் அரைத்துக் கொடுத்தவன்
வந்து விழுந்தால் எழுப்பக் கூடாது என்பது சட்டம்.
குக்கர்கூட நான் எழுந்த பிறகுதான் விசிலடிக்கும்.

புதன்கிழமை மதியம்
கண்ணிமைமேல் யாரோ சுடச்சுட
ஒரு நூறு ஃபில்ஸ் காசை வைத்தார்கள்.
தாளில் ஓட்டை.
அதன் வழியே ஒரு காசு அகல வெயில்
தலையணையில் உட்கார்ந்திருந்தது,
வாடகை கேட்க வந்தவன் மாதிரி.

'யாரு கிழிச்சது?'
உவைஸ் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்ததில்
ஒரு கால் வெளியே.
மிஸ்பா கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.
கத்திவிட்டேன். இரண்டு பேரும் அழவில்லை,
அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.
ரஹீமா மட்டும் கதவோரம் நின்று
'வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்களேன்' என்றாள்.

வெள்ளிக்கிழமை வாப்பா நாள் என்று
மிஸ்பாவே அறிவித்திருக்கிறாள்,
வாப்பாவைத் தவிர எல்லோருக்கும்.

ஜும்ஆ முடிந்து, பிரியாணி முடிந்து,
முதலில் உவைஸ்.
டிஷ்யூ டப்பாவில் ஓர் ஏசி.
முன்பக்கம் கோடுகோடாய்க் கிழித்த காகிதம்,
ஓரத்தில் பதினெட்டு. எட்டு மட்டும் படுத்திருந்தது.
'ஓடுதா?' என்றேன்.
பின்னால் போய் நின்று ஊதினான்.
காகிதம் பறந்தது.
பிரியாணி வாசனையோடு காற்று வந்தது.
'கேஸ் கம்மியா இருக்கே' என்று தட்டிப் பார்த்தேன்.
முகம் சிவக்கச் சிவக்க ஊதினான்.
இருபது வருஷத்தில்
நான் பழுதுபார்த்த எந்த எந்திரமும்
எனக்காக இவ்வளவு பாடுபட்டதில்லை.

அப்புறம் மிஸ்பா.
கார்ன்ஃபிளேக்ஸ் அட்டையில் வெட்டி
பேக்கிங் டேப்பால் லேமினேட் செய்த
சிவில் ஐடி.
படத்தில் இருப்பவருக்கு என்னைவிட முடி அதிகம்.
பன்னிரண்டு இலக்கமும் ஒரு வரியில் அடங்காமல்
கடைசி இரண்டு கீழே இறங்கி நிற்கின்றன.
சிப் இருக்க வேண்டிய இடத்தில்
மினுங்கியது என் ஜன்னல்.
தொழில்: வாப்பா.
கஃபீல்: மிஸ்பா, நான்காம் வகுப்பு 'சி'.
'சம்பளம் எவ்வளவு முதலாளி?'
யோசித்தாள்.
'சாப்பாடும் ரூமும் ஃப்ரீ.'

முடியும் தேதி என்று ஒரு வரி.
அதை மட்டும் அவள் கற்பனை செய்யவில்லை.
நான் தூங்கும்போது பர்ஸிலிருந்து அசலை எடுத்துப்
பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள்,
நாள், மாதம், வருஷம்,
ஒரு சுழி தவறவில்லை.
ரஹீமா என்னைப் பார்த்தாள்.
நான் தயிர்க் கிண்ணத்தைப் பார்த்தேன்.
புதுப்பிப்பார்களா என்று கம்பெனி இன்னும் சொல்லவில்லை,
பிள்ளைகளுக்கு நாங்களும் சொல்லவில்லை.
'தேதி சரியா வாப்பா?'
'சரிதாம்மா. எழுத்து அழகா இருக்கு.'

அசலுக்கு முன்னால் செருகிவைத்தேன்.
மறுநாள் இரவு மால் வாசலில்
அவசரத்தில் அதையே நீட்டிவிட்டேன்.
நேபாளிக் காவலாளி தில் பகதூர்
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
முடியை மட்டும் சந்தேகப்பட்டு
உள்ளே விட்டார்.

புது அலுமினியத் தாள்
ஃப்ரிட்ஜ் மேல் ஒரு வாரமாகச் சுருண்டு கிடக்கிறது.
ஒட்ட நேரமில்லை என்று சொல்லிவருகிறேன்.
மதியம் ஜன்னல் கட்டையில் இறங்கும் அந்தக் காசு,
போர்வையில் ஏறி, கழுத்தைக் கடந்து,
கண்ணுக்கு வந்து சேரும்போது
கீழே ஸ்கூல் பஸ் பிரேக் போடும்.
கணக்குப் பார்த்துத்தான்
தலையணையைப் போட்டுக்கொள்கிறேன்.
படியில் நான்கு கால்கள்.
சாவி திரும்பும் சத்தம்.
கண்ணை இறுக மூடிக் கிடக்கிறேன்.

'உஷ், வாப்பா தூங்குறாங்க.'