காலி

வாசிப்புக் கூலி எண்பது வெள்ளி.
மோட்டார் எண்ணெய்க் காசு தனி.
பீடோர் நில அலுவலகத்துக்கு எதிரே
பாரம் நிரப்பிக் கொடுக்கும் கடை என்னுடையது.
மூன்று மொழி முழுசாய், செமாய் பாதி,
முத்திரை ஒட்டத் தெரியும்,
வாயை எங்கே மூடவேண்டும் என்றும் தெரியும்.

கம்பெனி வக்கீல் பிரகலாதன் காரை விட்டு இறங்கவில்லை.
செம்மண் சப்பாத்தில் ஒட்டுமாம்.
நீங்களே வாசித்துவிடுங்கள் அக்கா,
உங்கள் பேச்சு அவர்களுக்குப் புரியும், என்றார்.

அப்போதுதான் அவன் நினைவு வந்தது.
மலாக்காவில் விலைக்கு வாங்கப்பட்ட பையன்.
ஸ்பெயின் அரசன் கப்பல் கொடுத்தான்;
கப்பித்தான் இவனையும் மூட்டையோடு ஏற்றினான்.
மேற்கே மேற்கே போய், ஆண்டு திரும்பி,
ஏதோ ஒரு தீவோரம் படகொன்று நெருங்க
இவன் மலாயில் கூவினான்.
படகிலிருந்தவர்களுக்குப் புரிந்தது.
அந்த ஒரு நொடி
தன் வீட்டு வாசலில் நின்றிருப்பான்.
அடுத்த நொடி துபாஷி.

ஆள் இருந்த தீவுகள் அவை.
அடுப்பு புகைந்தது, நாய் குரைத்தது.
சிலுவை நட்டு, மணியும் கண்ணாடியும் கொடுத்தபின்
எழுத்தர் எழுதியிருப்பார்:
யாரும் மறுப்புச் சொல்லவில்லை.
எந்த மொழியில் சொன்னால் அது மறுப்பு ஆகும் என்று
பையனைக் கேட்டிருக்கலாம்.

பழைய பாலத் தோட்டம். நாற்பத்தொரு கதவு.
பால்மரம் போய்ச் செம்பனை வந்து,
செம்பனைக்கும் வயதாகி
தண்டில் மருந்து குத்திச் சாக நிற்கிறது.
முனியாண்டி கோயில் தூணில் நிலமளந்தவர்
சிவப்புச் சாயத்தில் எண் போட்டிருந்தார்.
சாமிக்குப் பதினேழு.

காகிதத்தைப் பிரித்தேன்.
மேற்படி லாட், காலி நிலம்.
அதில் குடியிருப்போர் முப்பது நாளில்
காலி செய்ய வேண்டும்.

அப்பளசாமி கையைத் தூக்கினார், பள்ளிப் பிள்ளை மாதிரி.
"காலின்னு போட்டிருக்கா, காலி பண்ணுன்னு போட்டிருக்கா?"
இரண்டும், என்றேன்.
"ஆளில்லாத எடத்துலேருந்து யாரு எந்திரிச்சுப் போறது?"
சிரித்தார்கள்.
ஜெகதாம்பா மட்டும் உள்ளே போய்
பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கடிதம் எடுத்து வந்தாள்.
வீடு கட்டித் தருவதாகப் பழைய துரை எழுதியது.
கறையான் கையெழுத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது.

அவனுக்கும் ஒரு காகிதம் இருந்ததாம்.
கப்பித்தான் செத்தால் இவனுக்கு விடுதலை என்று உயில்.
தீவுக்காரர்கள் கப்பித்தானைக் கடலோரத்திலேயே கொன்றார்கள்.
மற்றவர்கள் உயிலை மடித்து வைத்துவிட்டு
எழுந்து போய்ப் பேசு என்றார்களாம்.
போனான்.
என்ன பேசினானோ,
அதற்குப் பிறகு கப்பலில் அவன் இல்லை.

கூட்டத்துக்குப் பின்னால் பா லூஜி.
மலையிலிருந்து பெத்தாய்க் காய் கட்டிக்கொண்டு
சனிக்கிழமைதோறும் வரும் செமாய்க்காரர்.
நான் வாசித்து முடிக்கும்வரை சுமையை இறக்கவில்லை.
மலாயில் கேட்டிருந்தால் எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.
செமாயில், தாழ்ந்த குரலில், என்னைக் கேட்டார்:

இந்த மேட்டில் என் பாட்டன் டுரியான் இருந்தது.
முதல் பால்மரம் நட்ட அன்றைக்கு
எங்களுக்கு யார் வாசித்தார்கள்?

"என்ன சொல்றாரு?" என்றார் அப்பளசாமி.
நாற்பத்தொரு கதவும் என் வாயைப் பார்த்தன.

கட்டு மூணு வெள்ளியாம், என்றேன்.

பா லூஜி சுமையை இறக்கினார்.
முப்பது வருடமாய் இந்த லயத்துக்கு வருபவர்.
"நாலு," என்று திருத்தினார்,
தமிழில்.

காருக்குள்ளிருந்து ஹாரன்.
விரல் முழுக்கப் பெத்தாய் வாடை.
பாரத்தின் அடியில் மறுப்பு என்றொரு கட்டம்,
அதில் நான் இன்னும் பேனாவை வைக்கவில்லை.