ஒன்றரை மடங்கு

பொலநறுவையில் வெட்டு முடிந்துவிட்டதாம்,
மெசின் இனி அம்பாறைக்குப் போகிறதாம்.
வொய்ஸில் சொல்லியிருந்தான் நிமலரூபன்,
இரண்டு நிமிடம் நாற்பது செக்கன்.
நான் அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டேன்.

எப்போதும் அப்படித்தான்.
காமன்ட் பஸ் ஐந்தரைக்கெல்லாம்
பாலிநகர்ச் சந்திக்கு வந்துவிடும்.
ஒரு காதில் அவன், மற்றக் காதில் குக்கர்.
டீசல் விலை, பெல்ற் அறுந்த கதை,
லீசிங்காரன் எடுத்தானா என்ற கேள்வி.
ஓடவிட்டால் அவன் குரல்
யாரோ சந்தோசமான ஆளுடையதுபோல மெலிந்து கேட்கும்.
அந்த ஆளை எனக்குத் தெரியாது.

பதிலுக்கு மஞ்சள் பெருவிரல் ஒன்று அனுப்புவேன்.
அவனும் ஒன்று அனுப்புவான்.
எங்களுக்குள் சண்டையில்லை.
கேட்பவர்களிடம் நல்லாயிருக்கிறம் என்கிறோம்,
அது பொய்யுமில்லை.

முகாமால் வந்து தறப்பாளுக்குக் கீழ் கிடந்த வருசம்
கிழக்கு மூலையில் மட்டும்தான் சிக்னல்.
அந்த மூலையில்தான் பாய் விரிப்பேன்.
ஒரு றிங் அடித்து வெட்டினால்
போய்ச் சேர்ந்திட்டன்.
இரண்டென்றால் சாப்பிட்டிட்டன்.
மூன்றுக்கு நாங்கள் ஒன்றும் பேசி வைக்கவில்லை.
ஆனாலும் சில இரவுகளில் மூன்று அடிக்கும்.
எடுக்கமாட்டேன்.
அந்தப் பட்டன் போனை நெஞ்சில் கவிழ்த்து
அது நடுங்கி ஓயும்வரை வைத்திருப்பேன்.
ஒரு சதம் செலவில்லை.

வீட்டுத்திட்டத்து வீட்டில் இப்போது
எல்லா மூலையிலும் சிக்னல்.

நேற்றுக் கரண்ட் போய்விட்டது.
இருட்டில் பழைய வொய்ஸ் ஒன்றைத் தட்டியபோது
விரல் பட்டு வேகம் ஒன்றுக்கு இறங்கிவிட்டது.
டீசல் விலைக்கும் அறுந்த பெல்ற்றுக்கும் நடுவில்
அவன் கதைக்காமல் நிற்கிறான்.
எண்ணினேன். ஒன்பது செக்கன்.
மூச்சு. தூரத்தில் ஒரு யானைவெடி.
யாரோ சிங்களத்தில் சிரிக்கிறார்கள்.
பிறகு, என்கிறான்.
பிறகு பெல்ற் அறுகிறது.

ஒன்பது என்பது என் வேகத்தில் ஆறு.
ஆறு செக்கனில் ஒருவன் தயங்குவது பிடிபடாது,
நெற்வேர்க் சரியில்லை என்று நினைப்போம்.
போன் நிறைந்துவிட்டதென்று
எத்தனையை அழித்திருப்பேன்.

பத்தேகாலுக்கு அவனுக்கு அடித்தேன்.
மூன்று றிங். வெட்டினேன்.
நெஞ்சில் கவிழ்த்து வைத்தேன்,
நாற்பது வயதுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

உடனே எடுத்தான்.
"என்ன, பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ?"
இல்லை.
"அப்ப கை பட்டிட்டுதோ?"
ஓம், என்றேன். கை பட்டிட்டுது.
"சரி, வை."

வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.
திரையில் செக்கன் ஏறியது,
இருபத்தொன்று, இருபத்திரண்டு,
இதை விரட்ட ஒரு பட்டனும் இல்லை.
என் வாய்க்குள் என்னென்னவோ வந்தது.

பெல்ற் மாத்தியாச்சோ, என்று கேட்டேன்.